அரக்கு நிற ஐ.சி.எஃப். பெட்டிக்கு எச்.ஓ. அளவில் கிட் எங்கே கிடைக்கும்?

7 ஜனவரி 2024

கேள்வி தலைப்பிலேயே இருக்கிறது. ஐ.சி.எஃப். என்றால் பெரம்பூரில் இருக்கிற இன்டக்ரல் கோச் ஃபேக்டரி, ரயில் பெட்டித் தொழிற்சாலை. எச்.ஓ. என்றால் நிஜத்தை 87இல் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரி அளவு. எண்பதுகளில் ஓடிய, வேக்குவம் பிரேக் (வெற்றிடத்தால் இயங்கும் பிரேக்) காலத்து, அரக்கு நிற மூன்றடுக்குத் தூங்கும் பெட்டி. 72 படுக்கை, ஒன்பது அறை. அதை 1:87 அளவில் நானே ஒட்டிக் கட்ட வேண்டும். கட்டி முடித்து விற்கிற பெட்டி வேண்டாம். எனக்குக் கிடைத்ததெல்லாம் நீல நிறமும், பின்னாளில் வந்த ஜெர்மன் வடிவமான எல்.எச்.பி.யும்தான், அவற்றை வாங்கி அரக்கு அடித்தால் போதும் என்று சொல்பவர்கள் தயவுசெய்து எல்.எச்.பி. பெட்டியையும் ஐ.சி.எஃப். பெட்டியையும் ஒரு முறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏன் இந்தப் பெட்டி என்றால், அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப்.இல், பெட்டியின் உடலைக் கட்டும் ஷெல் டிவிஷனில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்து வைத்த தொழிற்சாலை அது. அந்த வடிவத்தின் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் வெளியே போனது. அறுபது வருடத்துக்கு மேல் நாடு முழுக்க ஓடிய பெட்டி, நம்மில் பாதிப் பேர் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஏறிப்போன பெட்டி, அதற்கு ஒரு பிளாஸ்டிக் கிட் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் நூறு வருடத்துக்கு முன்னால் ஓடிய நாலு சக்கரப் பெட்டிக்குக்கூட ரேஷியோ என்ற கம்பெனியின் கிட் கடையில் கிடைக்கிறது. எனக்கு இது உறுத்துகிறது.

8 ஜனவரி

தண்டவாளம் பற்றிக் கேட்டவர்களுக்கு: நம் அகலப்பாதை 1676 மிமீ, 87ஆல் வகுத்தால் 19.3 மிமீ. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5. நான் 16.5க்கே இறங்கிவிட்டேன். 19.3க்குத் தண்டவாளம், அச்சு எல்லாம் கையால் செய்யலாம்தான், ஆனால் அதில் இறங்கினால் பெட்டி கட்ட இந்த ஜென்மம் போதாது.

21 ஜனவரி

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். ஐ.சி.எஃப். வடிவமே நம்முடையது இல்லை, சூரிச் பக்கத்தில் ஷ்லீரன் என்ற ஊரில் இருந்த சுவிஸ் கம்பெனியின் வடிவம். 1949இல் ஒப்பந்தம் போட்டு அவர்களிடம் கற்றுக்கொண்டுதான் இங்கே கட்ட ஆரம்பித்தார்கள். அதே கம்பெனியின் உரிமத்தில் ஆஸ்திரியாவிலும் பெட்டி கட்டியிருக்கிறார்கள். அங்கே அதற்குப் பெயரே ஷ்லீரன் வண்டி. அதை எச்.ஓ.வில் ரோகோ, கிளைன் மாடல்பான் என்ற இரண்டு மாதிரிக் கம்பெனிகளும் செய்திருக்கிறார்கள். பழையது ஏலத்தில் நிறைய வருகிறது. ஒன்று வாங்கி ஜன்னலை மாற்றினால் நம் பெட்டி வந்துவிடும் இல்லையா? இரண்டு ஆர்டர் போட்டிருக்கிறேன்.

25 பிப்ரவரி

வரவில்லை. பெட்டி வந்தது, நம் பெட்டி வரவில்லை.

அப்பாவிடம் கொடுத்தேன். கையில் எடுத்தவுடன், "என்னடா இவ்வளவு ஒல்லியா இருக்கு" என்றார். அளந்து பார்த்தால் அவர் சொன்னது சரி. ஐரோப்பியப் பெட்டி அகலம் சுமார் 2825 மிமீ, எச்.ஓ.வில் 32.5. நம்முடையது 3245 மிமீ, எச்.ஓ.வில் 37.3. கிட்டத்தட்ட ஐந்து மிமீ வித்தியாசம். அகலப்பாதையின் கம்பீரமே அந்த ஐந்து மிமீயில்தான் இருக்கிறது. நீளத்தைக் குறைக்கலாம், ஜன்னலை அடைக்கலாம், அகலத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஜனவரி 21இல் நான் எழுதியதை யாரும் பின்பற்ற வேண்டாம்.

ஆனால் பெட்டியைத் திருப்பி அடியில் இருக்கிற போகியை, அதாவது சக்கரச் சட்டத்தைக் காட்டினேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இது நம்ம போகிதான். டேஷ்பாட் பாரு, ரெண்டு பக்கமும் நிக்குது." அச்சுப்பெட்டிக்கு இருபுறமும் சுருள் வில்லும் அதற்குள் எண்ணெய் உருளையும் நிற்கிற அமைப்பு. அச்சு அசலாக ஒன்றே இல்லை, ஆனால் ஒரே குடும்பம். அதனால் பணம் முழுக்க வீணாகவில்லை.

அன்றிலிருந்து ஒரு தாளில் எண்களை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். உடல் நீளம் 21337 மிமீ, எச்.ஓ.வில் 245. அகலம் 37.3. இரண்டு போகி மையங்களுக்கு நடுவே 14783, அதாவது 170. ஒரு போகியில் அச்சுக்கு அச்சு 2896, அதாவது 33.3. சக்கரம் 915, அதாவது 10.5. இனிமேல் பெயரைப் பார்த்து எதையும் வாங்கப்போவதில்லை, இந்த எண்களைப் பார்த்துத்தான்.

3 மார்ச்

ஒரு சின்ன எச்சரிக்கை. நம் ஊரில் பெட்டியையே போகி என்று சொல்லிப் பழகிவிட்டோம், "மூணாவது போகியில ஏறு" என்போம். மாதிரி விற்கிறவரிடம் போகி என்றால் அடியில் இருக்கிற சக்கரச் சட்டம் மட்டும். உள்ளூரில் ஒருவரிடம் போனில் "ஐ.சி.எஃப். போகி ரெண்டு இருக்கா" என்று கேட்டேன், இருக்கு என்று விலை சொன்னார், பரவாயில்லை, கொஞ்சம் அதிகம்தான் என்று நினைத்துப் பணம் அனுப்பிவிட்டேன். வந்தது இரண்டு முழு நீலப் பெட்டி. அவர் மேல் தப்பில்லை. பணத்தைத் திருப்பியும் கொடுத்தார். எழுதிக் கேளுங்கள், படம் அனுப்பிக் கேளுங்கள்.

17 மார்ச்

இதைப் படிக்கும்போது கையில் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். நேற்று இரவு தூக்கமே வரவில்லை.

இங்கிலாந்தின் மார்க் 1 பெட்டி. ஐம்பதுகளில் பிரிட்டிஷ் ரயில்வே கட்ட ஆரம்பித்தது. அகலம் சுமார் 2.82 மீட்டர், ஐரோப்பியப் பெட்டி மாதிரியேதான். ஆனால் பிரிட்டிஷ்காரர்கள் மாதிரியை எச்.ஓ.வில் செய்வதில்லை, ஓ.ஓ.வில் செய்கிறார்கள், 1:76. 2820ஐ 76ஆல் வகுத்துப் பாருங்கள். 37.1. நமக்கு வேண்டியது 37.3!

நீளம் 64 அடி 6 அங்குலம், ஓ.ஓ.வில் 258 மிமீ. நமக்கு 245. 13 மிமீ அறுத்து எடுத்தால் போதும். போகியின் அச்சு இடைவெளி 8 அடி 6 அங்குலம், ஓ.ஓ.வில் 34. நமக்கு 33.3.

அதாவது தப்பான நாட்டின் பெட்டி, தப்பான அளவுவிகிதத்தில், நம் பெட்டிக்குப் பொருந்துகிறது. ஓ.ஓ. மார்க் 1 பழையது லிமா, பாக்மன் கம்பெனிகள் செய்தது கொட்டிக் கிடக்கிறது. உடைந்த பெட்டியாக இருந்தால் இன்னும் மலிவு, எனக்கு உடைந்ததே போதும், பக்கச்சுவர் எப்படியும் போகப்போகிறது.

18 மார்ச்

நேற்றைய உற்சாகத்தில் விட்டுப்போனவை. ஒன்று, மார்க் 1க்கு அடியில் தனிச் சட்டமும் சாய்வுக் கம்பிகளும் உண்டு. ஐ.சி.எஃப். பெட்டியில் உடலும் தரையும் சேர்ந்தே பாரம் தாங்கும், இன்டக்ரல் என்ற பெயரே அதனால்தான் வந்தது. அதனால் மார்க் 1இன் அடிச்சட்டத்தை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். இரண்டு, முனைச்சுவர் வேறு. மூன்று, பக்கச்சுவர் இரண்டும் புதிதாகச் செய்ய வேண்டும். மிஞ்சுவது கூரையும் தரையும்தான். ஆனால் கூரையின் வளைவைக் கையால் ஒரே சீராகக் கொண்டுவர முயன்று தோற்றவர்களுக்குத் தெரியும், கூரை கிடைத்தாலே பாதிப் பெட்டி கிடைத்த மாதிரி.

பக்கச்சுவரை மாற்றுகிற வித்தை புதிதும் இல்லை. இங்கிலாந்தில் காமெட் என்ற பெயரில் பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த பக்கச்சுவர்கள் ரொம்ப நாளாகக் கிடைக்கின்றன. ஏதாவது ஒரு பெட்டியை வாங்கி, அதன் சுவரை வெட்டி, இதை ஒட்டி வேறொரு பெட்டியாக்குவார்கள். நாம் செய்யப்போவதும் அதுதான்.

19 மார்ச்

வேலைக்கு உதவாத தகவல், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மார்க் 1 பெட்டிக்கு முழு பிளாஸ்டிக் கிட்டே ஒரு காலத்தில் வந்திருக்கிறது. கிட்மாஸ்டர். செய்தது ரோஸ்பட் என்ற பொம்மைக் கம்பெனி. உண்மையிலேயே குழந்தைகளுக்கான பாப்பா பொம்மை செய்தவர்கள், 1959இல் ரயில் கிட் பக்கம் வந்தார்கள், 1962இல் ஏர்ஃபிக்ஸ் என்ற இன்னொரு கிட் கம்பெனியிடம் விற்றுவிட்டார்கள். மூன்று நாலு வருடக் கதைதான். ஒட்டாத கிட் கிடைத்தால் கூரை தனியாகவே வரும், பிரித்தெடுக்கிற வேலை மிச்சம். ஆனால் ஒட்டாத கிட்டைச் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். அறுபது வருடம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்ததை வாங்கி அறுக்க எனக்கு மனசு வராது. யாரோ ஒரு பையன் அன்றைக்கே பசை வழிய ஒட்டி வைத்தது கிடைத்தால் சொல்லுங்கள், அதை அறுக்கலாம்.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்து. செலவுக் கணக்கையும் இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

பொம்மை, அளவு மாதிரி எல்லாம் சுங்கத்தில் ஒரே தலைப்பில் வருகிறது. அதற்கான அடிப்படை வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலுக்காகச் செய்தார்கள், அது புரிகிறது. ஆனால் இந்தியாவில் யாரும் செய்யாத உடைந்த மார்க் 1 கூரைக்கும் அதே கதிதான். அதனால் ஒவ்வொன்றாக வாங்காதீர்கள். கப்பல் கூலியே பொருளின் விலையைத் தாண்டிவிடுகிறது. நாலு பேர் சேர்ந்து ஒரே பொட்டலமாக வாங்குங்கள், அல்லது அங்கிருந்து வருகிற சொந்தக்காரர் பெட்டியில் இரண்டு கூரைக்கு இடம் கேளுங்கள். என் சித்தி மகன் மூன்று கூரையைப் போர்வைக்குள் சுற்றிக் கொண்டுவந்தான், ஒன்றுகூட நெளியவில்லை.

பசையைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். தீப்பிடிக்கும் திரவம், விமானத்தில் விடமாட்டார்கள். அக்ரிலிக் போர்டு செய்கிற கடையில் எதைக் கொண்டு ஒட்டுகிறார்கள் என்று கேளுங்கள், அந்தக் கரைப்பான் ஸ்டைரீனையும் (மாதிரி செய்கிற பிளாஸ்டிக்) பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, கொஞ்சமாக, தூரிகையில் தொட்டு. மூடிய அறையில் வேண்டவே வேண்டாம்.

5 மே

கத்திரி வெயிலில் பெரம்பூர் ரயில் மியூசியம் போனோம், அப்பாவும் நானும். பழைய பெட்டிகள் வெளியே நிற்கின்றன. நான் டேப்பைப் பிடிக்க, அவர் எழுத. முதலில் அவர் நிழலில் உட்கார்ந்தபடிதான் இருந்தார், அப்புறம் எழுந்து வந்து சுவரைத் தட்டிக் காட்டினார், இந்த இடத்தில் வெல்டு இழுக்கும், இங்கே சுத்தியலால் நிமிர்த்துவோம், வெளியே தெரியக்கூடாது என்று மேஸ்திரி நின்று பார்ப்பார். நான் இதுவரை அந்தச் சுவரை வழுவழுப்பாகத்தான் கற்பனை செய்திருந்தேன். சாய்வு வெளிச்சத்தில் பார்த்தால் லேசான அலை இருக்கிறது. அந்த அலையை மாதிரியில் கொண்டுவர முடியுமா என்று தெரியவில்லை, ஆனால் கண்ணில் பட்டுவிட்டது, இனி விடாது.

போகிறவர்களுக்கு: ஜன்னலின் உயரம் அகலம் மட்டும் எடுக்காதீர்கள், ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருக்கிற சுவரை எடுங்கள். படத்தில் தப்பாகத் தெரிவது அதுதான். படம் எடுக்கும்போது பெட்டிக்கு நேராக நின்று, அளவுகோலைச் சுவரோடு சாய்த்து வைத்து எடுங்கள்.

9 ஜூன்

பக்கச்சுவர் மூன்று முறை செய்து, மூன்றாவதுதான் நின்றது.

முதல் முறை ஸ்டைரீன் தகட்டை லேசர் வெட்டும் கடைக்குக் கொடுத்தேன். உருகி, விளிம்பெல்லாம் பொங்கி, ஜன்னல் வட்டமாகி வந்தது. கடைக்காரர் முன்பே சொன்னார், நான்தான் கேட்கவில்லை. இரண்டாவது முறை அக்ரிலிக் 1 மிமீ. வெட்டு அருமை. ஆனால் எச்.ஓ.வில் 1 மிமீ என்றால் நிஜத்தில் 87 மிமீ தடிமன், ஜன்னலெல்லாம் கோட்டைச்சுவர் ஓட்டை மாதிரி ஆழமாக இருந்தது. மூன்றாவது, கால் மிமீ ஸ்டைரீன் இரண்டு அடுக்கு, ஸ்டிக்கர் வெட்டுகிற கட்டர் இயந்திரத்தில். கத்தி முழுக்க அறுக்காது, கோடு கிழிக்கும், அப்புறம் விரலால் தள்ளினால் ஜன்னல் கழன்று விழும். வெளி அடுக்கில் ஜன்னலைச் சரியான அளவிலும் உள் அடுக்கில் அரை மிமீ பெரிதாகவும் வெட்டினால் கண்ணாடி உட்கார ஒரு படி கிடைக்கும்.

இனி கம்பி. நம் பெட்டி நம் பெட்டியாகத் தெரிவது ஜன்னல் கம்பியால். வெளிநாட்டுக் கிட் எதிலும் இது கிடையாது, கிடைக்கவும் கிடைக்காது. பித்தளையில் அரித்தெடுக்கலாம் என்று பெயர்ப்பலகை செய்கிறவரிடம் கேட்டேன், அவ்வளவு மெல்லிசாக வராது என்றுவிட்டார். யோசித்துப் பார்த்தால், கம்பி படுக்கைவாட்டில் போகிறது, எல்லா ஜன்னலிலும் ஒரே உயரத்தில். அப்படியென்றால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனிக் கம்பி எதற்கு? 0.2 மிமீ தூண்டில் நரம்பைச் சுவரின் உள்பக்கம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்துக் கட்டினேன். ஒரு நரம்பு, அந்த வரிசை முழுக்கக் கம்பி. கரைப்பான் நைலானைப் பிடிக்காது, சூப்பர் குளூ வேண்டும். ஆனால் சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியை வெளுக்க வைக்கும், அதனால் நரம்பை ஒட்டி ஒரு நாள் காற்றோட்டமாக வைத்துவிட்டு அப்புறம் கண்ணாடி ஒட்டுங்கள். நான் ஒரு பக்கம் முழுக்க வெளுத்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

10 ஜூன்

தூண்டில் நரம்பைப் பற்றி எழுதியதும் ராமேஸ்வரம் ஞாபகம். மீட்டர் கேஜ் பெட்டி பற்றி நாலு பேர் கேட்டுவிட்டீர்கள், போட் மெயில் கட்டலாமே என்று. எனக்கும் ஆசைதான். எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பல், அக்கரையில் தலைமன்னார். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து 1964 டிசம்பர் புயல்வரை. என் தாத்தா ஒரு முறை போயிருக்கிறார், கொழும்புக்கு வேலை தேடி.

அதற்குச் சில எண்கள் மட்டும். 1000 மிமீ பாதை எச்.ஓ.வில் 11.5, கடையில் கிடைக்கும் 12 மிமீ தண்டவாளம் போதும். பெமோ என்ற ஜெர்மன் கம்பெனி சுவிஸ் மலைப்பாதைகளுக்காகச் செய்கிறது, சக்கரம்கூடக் கிடைக்கும். ஐ.சி.எஃப். பின்னாளில் கட்டிய மீட்டர் கேஜ் பெட்டி நீளம் 19.5 மீட்டர், அகலம் 2.74. எச்.ஓ.வில் 224க்கு 31.5. அட, நான் தூக்கி ஓரமாக வைத்த அந்த ஒல்லியான ஆஸ்திரியப் பெட்டி 32.5 அகலம்! பிப்ரவரியில் அதை வீண் என்று எழுதாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. ஆனால் மீட்டர் கேஜில் இரண்டு பக்க பஃபர் (பெட்டிகள் மோதும்போது தாங்கும் முட்டு) கிடையாது, நடுவில் ஒன்றே. முனைச்சுவரை அதற்கேற்பச் செய்ய வேண்டும். தவிர, புயலுக்கு முந்தைய போட் மெயில் பெட்டிகளின் வரைபடம் கையில் இல்லாமல் ஆரம்பிக்க மாட்டேன். அதில் போனவர்களுக்குத் தப்பான பெட்டியைக் கட்டிக் கொடுக்கக்கூடாது.

21 ஜூலை

மார்ச் 17க்கு ஒரு திருத்தம். மார்க் 1 போகியின் அச்சு இடைவெளி பொருந்துகிறது என்று எழுதினேன், அது சரி. சக்கரத்தை மறந்துவிட்டேன். ஓ.ஓ. பெட்டிச் சக்கரம் 14 மிமீ, நமக்கு 10.5. சின்னச் சக்கரம் மாட்டினால் பெட்டி 1.75 மிமீ கீழே இறங்கும். அதற்கு வாஷர் வைத்து உயர்த்தலாம், ஆனால் அச்சின் நீளமும் வேறு, எச்.ஓ. அச்சு குட்டை, ஓ.ஓ. சட்டத்தில் ஆடும், பித்தளைக் குழிக்கிண்ணம் வைத்து இறுக்க வேண்டும். இதையெல்லாம் செய்த பிறகும் முகம் பிரிட்டிஷ் முகமாகவே இருக்கிறது.

அதனால் ஆஸ்திரியப் பெட்டியின் போகிக்கே திரும்பினேன். சட்டத்தை நடுவில் அறுத்து 33.3 வரும்படி ஒட்டினேன். சக்கரம் எச்.ஓ.வுடையது, அதனால் உயரப் பிரச்சினை இல்லை. கணக்கு இப்படி முடிகிறது: கூரையும் தரையும் இங்கிலாந்திலிருந்து, போகி ஆஸ்திரியாவிலிருந்து, கம்பி காசிமேட்டில் வலைச்சாமான் கடையிலிருந்து, சுவர் என் மேசையிலிருந்து.

18 ஆகஸ்ட்

நிறம். படத்தைப் பார்த்து நிறம் கலக்காதீர்கள், பழைய ஃபிலிம் எல்லாச் சிவப்பையும் ஆரஞ்சாக்கிவிடும். ஐந்து அட்டையில் ஐந்து விதமாக அடித்து அப்பாவிடம் நீட்டினேன். நாலாவதை எடுத்து, "இது பெயின்ட் ஷாப்பை விட்டு வரும்போது" என்றார். இரண்டாவதை எடுத்து, "இது மூணு வெயில் பார்த்தது." இரண்டாவதை அடித்தேன்.

எழுத்துக்குத் தண்ணீரில் கழலும் ஒட்டுத்தாள். ஒளி ஊடுருவும் தாளில் மஞ்சள் எழுத்தை இங்க்ஜெட்டில் அடித்து அரக்கு மேல் ஒட்டினால் ஒன்றும் தெரியாது, அந்த மையில் வெள்ளை இல்லை. வெள்ளைத் தாளில் பின்னணியையும் அரக்காகவே அச்சிட்டு, ஓரத்தை ஒட்ட வெட்டி ஒட்டினேன். நெருங்கிப் பார்த்தால் நிறம் ஒரு இழை வேறுபடுகிறது. வெள்ளை டோனர் இருக்கிற அச்சுக்கடை சென்னையில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், பிரித்துவிட்டு மறுபடி ஒட்டத் தயார்.

8 செப்டம்பர்

நேற்று முடிந்தது. அடியில் பேட்டரிப் பெட்டி, டைனமோ, இரண்டு வேக்குவம் சிலிண்டர் எல்லாம் வைத்துவிட்டேன். சாப்பாட்டு மேசையில் அரை மீட்டர் தண்டவாளம் போட்டு, மேலே பெட்டியை வைத்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

உட்கார்ந்து, மேசை மட்டத்துக்குக் குனிந்து, கண்ணை ஜன்னல் உயரத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். அம்மா காபியைக் கொண்டுவந்து வைத்ததைக் கவனிக்கவில்லை. கம்பியை விரல் நகத்தால் தொட்டார். அப்புறம் பெட்டியைத் திருப்பி முனைச்சுவரைப் பார்த்தார்.

"வேக்குவம் வண்டிதானே?"

"ஆமாம்பா."

"சங்கிலியை இழுத்தா இங்க ஒரு வட்ட வில்லை திரும்பும். கார்டு அதைப் பார்த்துத்தான் எந்தப் பெட்டின்னு கண்டுபிடிச்சு வந்து நிப்பாரு. அது எங்கடா?"

என்னிடம் இருக்கிற படங்களெல்லாம் பக்கவாட்டில் எடுத்தவை. அரக்குப் பெட்டியின் முனைச்சுவரை நேராக எடுத்த படம், கப்ளிங் கழற்றி நின்ற நேரத்தில் எடுத்தது, உங்கள் யாரிடமாவது இருந்தால் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி பெரம்பூர் போகிறோம்.